அம்மம்மாவின் வினைச்சொற்கள்

கேள்வி: எங்கள் அம்மம்மா காலமாகி இன்றைக்குப் பதினோராம் நாள். வயது 86. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். நான் தமிழ் படிப்பிக்கிற ரீச்சர் என்பதால் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. அம்மம்மா கோயில், விரதம், பிள்ளைகள் என்று வாழ்ந்தவர். அதே அம்மம்மாதான் இளவயதில் தாத்தாவின் சொல்லை மீறிக் கப்பலேறிச் சிதம்பரம் ஆருத்திரா தரிசனத்துக்குப் போனவர். தாத்தா தவறியபோது அவருக்கு 41 வயது. ஐந்து பிள்ளைகளையும் தனியே ஆளாக்கினார். 52 வயதில் சைக்கிள் பழகினார். சண்டைக்காலத்தில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து எத்தனையோ தரம் கொழும்புக்குப் போய்வந்தார். ஒருமுறை ஆறு வயதில் நானும் கூடப் போனேன். படகில் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிவபுராணம் சொல்லியபடி இருந்தார். இன்னொருமுறை பவுடர் டின்னுக்குள் பற்றரி ஒளித்துக் கொண்டுவந்தார். தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டிச் சின்ன மாமாவை வெளிநாடு அனுப்பியதும் அவர்தான். ரொறன்ரோவிலிருக்கும் பெரிய மாமா, "இதெல்லாம் கல்வெட்டிலை போடுற விசயமே?" என்கிறார். "தெய்வபக்தி மிக்க குடும்பத்தலைவி எண்டு எழுதினால் காணும்" என்கிறார் சின்னம்மா. கிளாலிப் பயணம் பதினொன்று என்று அம்மா சொல்ல, ஏழு என்கிறார் சின்னம்மா. சிதம்பரம் போனது 1963 என்கிறார் அம்மா. 1970 என்கிறார் பெரிய மாமா. நான் எதை எழுத, எதை விட? – ஒரு பேரப்பிள்ளை, யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் துயரில் நானும் பங்குகொள்கிறேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது, அது தாராளம். அந்தியேட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, நீங்களே நல்லதா ஏதும் எழுதிப் போடுங்கோ" என்கிறவர்கள்தான் எங்கள் அச்சகத்துக்கு அதிகம் வருவார்கள். அவர்களுக்கென்றே என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. குடும்பக் குத்துவிளக்கு, பாசத்தின் உறைவிடம், வந்தாரை வரவேற்கும் பண்பாளர்... பெயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உங்கள் சின்னம்மா கேட்பது அந்தக் கோப்பைத்தான் என்பதற்காகச் சொன்னேன்.

பேப்பரில் வந்த அம்மம்மாவின் மரண அறிவித்தல் வீட்டில் கிடக்கும். அதை எடுத்து ஒரு பேனையால் வினைச்சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும், மாமியாரும், அம்மம்மாவும், பூட்டியும் ஆவார். 86 வருடம் வாழ்ந்த மனுசிக்கு ஒரேயொரு வினைச்சொல், 'எய்தினார்'. அதுவும் மூச்சு நின்ற பிறகு. 'கொண்ட', 'ஆவார்' என்பனவும் வினைதானே என்று தமிழ் ரீச்சர் கேட்கக்கூடும். சரி, ஒன்றரை என்று வையுங்கள்.

இதற்காக அந்த அறிவித்தலையோ பழைய கல்வெட்டு முறையையோ நான் இளக்காரம் செய்யவில்லை. என் தகப்பனார் காலத்தில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்ச வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனிப் பாட்டு வரும். எழுதிக் கொடுக்கப் புலவர்கள் இருந்தார்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் இன்றைக்கு அந்தக் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் ஸ்கான் செய்து ஏற்றி வைத்திருப்பது அதனால்தான். 1981இல் ஒரே இரவில் தன் நூலகத்தைத் தீக்குப் பறிகொடுத்த ஊர் இது. எந்தக் கடதாசியையும் அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே உறவுமுறைப் பக்கம் அப்படியே இருக்கட்டும். சின்னம்மாவுக்கும் அது ஆறுதல். நான் சொல்வதெல்லாம் அதற்கு அடுத்த நாலு பக்கத்தைப் பற்றி.

அந்த நாலு பக்கத்தில் என் கை சுட்டிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30, சண்டை நெருங்க ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு உங்களுக்குக் குழந்தைப்பருவ ஞாபகமாக இருக்கும். அன்று பின்னேரம், அச்சகத்தின் ஈய எழுத்துகளை எல்லாம் சாக்குகளில் கட்டி, துலாக்கயிற்றில் ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் இறக்கியவர் என் அம்மா. ஐயாவும் நானும் எதைக் கொண்டுபோவது என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டு நின்றோம். அடுத்த வருடம் திரும்பி வந்து தூக்கியபோது எழுத்து அத்தனையும் பத்திரம். ஒரு சாக்கு மட்டும் பிய்ந்து 'ழ' முழுவதும் அடியில் போய்விட்டது. 'யாழ்ப்பாணம்' என்று கோர்க்க முடியாமல் பக்கத்து அச்சகத்தில் ஒரு கை 'ழ' கடன் வாங்கினோம்.

அம்மா தவறியபோது அவவின் கல்வெட்டை நானே எழுதினேன். கிணற்றைப் பற்றி ஒரு வரி போடவில்லை. ஆம்பிளையள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிடுமே என்ற கூச்சம். குத்துவிளக்குக் கோப்பிலிருந்து நாலு பக்கம் இறங்கியது. 31ஆம் நாள் பந்தியில், இடம்பெயர்ந்த நாட்களில் எங்களோடு கொடிகாமத்தில் ஒரே வீட்டில் தங்கிய ஒரு மாமி சோற்றைப் பிசைந்தபடி சொன்னா: "உன்ரை கொம்மா மூண்டாம் நாள் தனியத் திரும்பி யாழ்ப்பாணம் போய்க் கிணத்தடியைப் பாத்திட்டு வந்தவவெல்லோ, மழைக்குக் கயிறு இத்துப்போமெண்டு." எனக்கு அது தெரியாது. மண்டபத்து வாசலில் முந்நூறு பிரதியும் கொடுத்து முடிந்திருந்தது.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன்.

சிதம்பரப் பயணத்தின் ஆண்டு. குடும்பத்துக்குள் ஆண்டை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். எந்த மனிதருக்கும் ஆண்டு ஞாபகம் நில்லாது, இடம்தான் நிற்கும். கப்பல் எங்கே போய் இறக்கியது என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார் துறையில் கப்பலேறுவது அப்போதைய வழமை. கப்பல் தனுஷ்கோடிக்குப் போகும். துறையிலேயே ரயில் நிற்கும், சென்னை எழும்பூர் வரைக்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான். ஆகவே, "நான் காலடி வைச்ச ஊர் பிறகு கடலுக்குள்ளை போட்டுது" என்று அம்மம்மா யாரிடமாவது சொல்லியிருந்தால் உங்கள் அம்மா சொல்வது சரி. இராமேஸ்வரத்தில் இறங்கி நேரே கோயிலுக்குப் போன கதை என்றால் பெரிய மாமா சொல்வது சரி. இரண்டு கதையும் வருமானால், தங்கச்சி, அம்மம்மா இரண்டுதரம் போயிருக்கிறா. ஆளுக்கொரு பயணத்தைப் பிடித்துக்கொண்டு இழுபடுகிறார்கள். எனக்கென்னவோ அப்படித்தான் படுகிறது. ஒருதரம் சொல்லை மீறியவவுக்கு இரண்டாந்தரம் மீறுவது லேசு.

ஏழா பதினொன்றா என்பதும் இதே மாதிரிதான். "தண்ணிக்குள்ளாலை நடந்து போன" பயணம் ஏதும் அம்மாவின் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனையிறவு, பூநகரிப் பாதைகள் அடைபட்டபின் ஆட்கள் முதலில் கொம்படி–ஊரியான் பக்கத்தால் சேற்றிலும் இடுப்பளவு தண்ணீரிலும் நடந்தார்கள், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு. கிளாலிப் படகு அதற்குப் பிறகு. அம்மா இரண்டையும் சேர்த்து எண்ணுகிறா, சின்னம்மா படகை மட்டும் எண்ணுகிறா என்றால் இரண்டு பேர் கணக்கும் பிழையில்லை. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு கிளாலிக் கடலில் கடற்படை தாக்கிப் பயணிகள் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகும் அம்மம்மா அந்த வழியால் போனாவா என்று கட்டாயம் கேளுங்கள். போனா என்றால் அந்த ஒரு வசனம் போதும்; 'அஞ்சாநெஞ்சம் படைத்தவர்' என்று பக்கத்தில் எழுதிக் கெடுக்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் கைப்பக்குவம் இருக்கிறது. "அம்மம்மா எப்பிடிப்பட்டவ?" என்று கேட்டால் எவரும் குத்துவிளக்கு என்றுதான் சொல்வார்கள், அந்தக் கோப்பு எல்லார் தலைக்குள்ளும் இருக்கிறது. "அவவின்ரை கைப்பைக்குள்ளை என்ன கிடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிள் பழக்கியது யார், எந்த ஒழுங்கையில், எத்தனை தரம் விழுந்தா, முதன்முதல் தனியே ஓடிப்போனது எங்கே? பஸ்ஸும் இல்லை, பெற்றோலும் இல்லை. மோட்டர்சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். 52 வயதில் ஒரு விதவை லுமாலாச் சைக்கிளில் ஏறியபோது ஒழுங்கையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திராது, அயல்வீட்டுக் கிழவிக்குத் தெரியும். மீன்காரர், கோயில் ஐயர், தையல் ரீச்சர் என்று வெளியாட்கள் நாலு பேரிடமாவது போங்கள். பிள்ளைகளுக்குத் தாயைத் தெரியும். ஆளைத் தெரிவது அயலுக்குத்தான்.

அலுமாரியையும் பாருங்கள். பழைய கடவுச்சீட்டு, சண்டைக்காலப் பயண அனுமதியான பாஸ் துண்டு, காணி உறுதி, குடும்ப அட்டை, சீட்டுக் கணக்குக் கொப்பி, ஸ்ரூடியோ முத்திரை குத்திய படங்களின் பின்பக்கம். எல்லாவற்றிலும் மேலாகப் பஞ்சாங்கம். எங்கள் பெண்கள் பலருக்கு வாக்கிய பஞ்சாங்கத்தின் ஓரம்தான் நாட்குறிப்பு. ஒருதரம் ஒரு வீட்டிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கக் கட்டில், ஒரு கந்தசஷ்டி நாளுக்கு நேரே பென்சிலால் "மாடு கன்று. தம்பி காயிதம் இல்லை" என்று இருந்தது. அடுத்த ஓரம், அடுத்த ஓரம் என்று புரட்டினேன். ஐந்து மாதத்துக்கு 'காயிதம் இல்லை'. பிறகு ஒருநாள் "வந்தது" என்று மட்டும். அதை அப்படியே படமெடுத்து மலரில் போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள்.

இனிப் பெரிய மாமாவின் கேள்வி. அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. நான் ஒரு விசயத்தை எழுதலாமா என்று பார்ப்பது மரியாதையை வைத்தல்ல. அது யாருடைய கதை என்பதை வைத்து. சைக்கிளும் கப்பலும் அம்மம்மாவின் கதை, போடுங்கள். பவுடர் டின்னும் அவவின் கதைதான். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊரில், இரண்டு பற்றரி கொண்டுவந்ததை இன்று எவரும் களவு என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த டின்னை எந்தச் சோதனைச்சாவடியில் யார் கண்டும் காணாமல் விட்டார், பாஸுக்கு யார் பிணை நின்றார் என்ற பெயர்கள் வேண்டாம். அவர்கள் உயிரோடிருக்கலாம், அவர்களைக் கேட்காமல் அச்சில் ஏற்றக்கூடாது.

சின்ன மாமாவின் வெளிநாட்டுப் பயணத்தில் மட்டும் கத்தி வைப்பேன். எந்த வழியால், யாருடைய கடவுச்சீட்டில், எந்த நாடு மாறிப் போனார் என்பது அவருடைய கதை. அவர் சொல்லச் சொன்னால் ஒழிய ஒரு வரியும் கூடாது. தாலிக்கொடியை விற்றது அம்மம்மாவின் செய்கை. "கடைசி மகனின் பயணத்துக்காகத் தாலிக்கொடியை விற்றார்" என்றதோடு நிறுத்துங்கள். எத்தனை பவுண் என்று சின்னம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அதையும் போடலாம். பெண்கள் அதை மறப்பதில்லை.

பக்தியா துணிச்சலா என்று இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பதாக நீங்கள் கவலைப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அந்த இழுவை முடிந்துவிட்டதே! கல்வெட்டில் எப்படியும் சிவபுராணம் அச்சாகும். அதற்கு முந்திய பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். மூன்றாம் ஆள் நடையை விட்டுவிட்டு, 'நான்' என்று. நீங்கள் அந்தப் படகில் இருந்த சாட்சி. உங்கள் சொற்களையே எடுத்து ஒரு மாதிரி தருகிறேன்:

"எனக்கு அப்போது ஆறு வயது. கிளாலியில் படகேறியதும் அம்மம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிவபுராணம் சொல்லத் தொடங்கினார். நான் அவரது வாயைப் பார்க்கவில்லை, இருட்டு. செருப்பைத் தொட்டுக்கொண்டு இருந்தேன்."

கடைசி வசனம் என்னுடையது, உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் இருக்கும், அதைப் போடுங்கள். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் பிணைத்து ஒரு எஞ்சின் இழுத்துப் போகும். அந்தச் சத்தம், மண்ணெண்ணெய் மணம், முழங்காலில் பட்ட தண்ணீர், எது நிற்கிறதோ அது. ஏன் செருப்பைக் கழற்றினார் என்று விளக்கப் போக வேண்டாம். கடலைக் கும்பிட்டாரோ, படகு கவிழ்ந்தால் நீந்த வசதியென்று நினைத்தாரோ, புதுச்செருப்பு நனையக்கூடாது என்று பார்த்தாரோ. பக்கத்தைப் புரட்டினால் சிவபுராணம் வரும். மாமாவும் வாசிக்கட்டும், சின்னம்மாவும் வாசிக்கட்டும்.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும். 32 பக்கம் உங்களுக்குக் காணும். ஏழெட்டு நாளில் எழுத்தை முடித்து, புரூவை இரண்டு பேரிடம் கொடுங்கள்: முறை தெரிந்த மூத்தவர் ஒருவர் பெயர்களையும் முதலெழுத்துகளையும் பார்க்க, எழுத்துப்பிழைக்கு நீங்கள். மருமக்களில் ஒருவரின் பெயர் விடுபட்டால் ஆட்டைத் திவசம், அதாவது முதலாண்டுத் திவசம், வரைக்கும் கதை போகும், அனுபவத்தில் சொல்கிறேன். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் இறங்கிவிடும், டொக்யுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்படத்தில் கழுத்துக்கு நகையும் பின்னால் நீல வானமும் போட்டுத் தருவதாக ஸ்ரூடியோவில் கேட்பார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சைக்கிளோடு நிற்கிற படம் இருந்தால் உள்ளே ஒரு முழுப்பக்கம். இருபது நாளில் எல்லாம் சேராது. சேராததைக் கொப்பியில் எழுதி வையுங்கள், ஆட்டைத் திவசத்துக்கு விரித்து ஒரு மலர் போடலாம். ஒரு பிரதியை நான் சொன்ன இணைய நூலகத்துக்குக் கொடுங்கள்.

பெரிய மாமாவிடம் அனுமதி கேட்டு இனிப் போன் எடுக்காதையுங்கோ. கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். 1963 என்று வைத்தால் அவர் அப்போது சின்னப் பெடியன். தாய் இரண்டு கிழமை வீட்டில் இல்லாமல் போன பிள்ளை. அந்த நாட்களில் அவரை யார் குளிப்பாட்டினார்கள், தாய் திரும்பிப் படலையைத் திறந்தபோது அவர் எங்கே நின்றார், கப்பலால் அவருக்கு என்ன கொண்டுவந்தா என்று மட்டும் கேளுங்கள். ஞாயிறு பின்னேரம் எடுங்கள். அங்கே அப்போது விடிந்திருக்கும், மாமா தேத்தண்ணியோடு இருப்பார்.